பனிவெளியில் ஒரு குளியல் தொட்டி

மூடுபனி கண்ணில் பட்டால் போதும், பள்ளிக்கூட பஸ்ஸை ஓரங்கட்டிவிடுவாள் ஐலி. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான், அதில் கறாரானவள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத வீடு எதையாவது பார்த்து நடப்பாள். "சே, எல்லாத்தையும் கெடுத்துருச்சு" என்று சூரியனைத் திட்டுகிற ஒரே ஆள், ஆறு மாதம் பனி கொட்டும் எங்கள் வடக்கு மிச்சிகனில் இவள்தான்.

கண்ணில்லாத பொம்மை, மூடிய தேவாலயத்தில் ஒற்றைச் செருப்பு என்று வீட்டுச் சுவர் முழுக்கப் படங்கள். "இன்னிக்கு யாரு செத்தா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் புருஷன் வெய்னோ சாப்பிட உட்காருவான். "அடுத்தது நீதான், சூப்பைக் குடி" என்பாள்.

ஆகஸ்ட் கண்காட்சியில் பதினோரு வருடமாகப் படம் வைக்கிறாள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு ஜாடி. வருகிறவர்கள் ஆளுக்கொரு மொச்சையைப் பிடித்த படத்துக்குப் போடுவார்கள். பூனைக்குட்டிப் படத்துக்கு ஜாடி வழியும். ஐலிக்கு அதிகபட்சம் ஒன்பது. அதில் ஒன்று வெய்னோ போட்டது. "இந்தத் தடவையும் இதே கதைன்னா அடுத்த வருஷம் சுவத்துல இடம் கிடையாது ஐலி. பிள்ளைங்க பயப்படுது" என்று சொல்லிவிட்டாள் கமிட்டித் தலைவி ஹில்டா. அன்று ஐலி ஊற்றிக் கொடுத்த காபியை ஹில்டா தொடவே இல்லை.

இந்த வருடப் படம், வீடு இடிந்து போன பின் பனிவெளி நடுவே தனியாக நிற்கும் குளியல் தொட்டி. விளிம்பில் மடித்து வைத்த ஒரு துண்டு. "நான் வெக்கல, சத்தியமா" என்கிறாள். எனக்கு முதுகு சில்லிட்டது. நான் ஆப்பிள் பை பலகாரம் விற்கும் மேசையை விட்டு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். என் அம்மா இறந்த பிறகு அவள் வீட்டை நான் பூட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அழுகை வந்தது, அழுதது நன்றாகவும் இருந்தது.

மரம் வெட்டும் தொழிலாளி ஓர்வில், கையில் மொச்சையோடு பூனைக்குட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். "பாத்தா என்னமோ பண்ணுது. விட்டுட்டுப் போகவும் முடியல" என்று ஐலியின் ஜாடியில் போட்டான். பயப்படுவதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள்தான் முண்டியடித்தார்கள். நாலு மணிக்கு ஹில்டா இரண்டாவது ஜாடி தேடி ஓடினாள்.

முதல் பரிசான நீல ரிப்பனை ஐலிக்குக் குத்தியதும் பத்திரிகைக்காரர் அவளை வெளியே கூட்டி வந்து வெயிலில் நிறுத்தினார். ஊரே கைதட்டியது. "கொஞ்சம் சிரிங்க மேடம்!"

ஐலி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "பொறுங்க, அந்த மேகம் வரட்டும்" என்று ஒரு கையை உயர்த்தினாள். ஹில்டா உட்பட நாங்கள் அத்தனை பேரும் காத்து நின்றோம்.