பாட்டு போட்டா கரை ஏறணும்

சினிமா பார்த்துக் கெட்டுப்போன பொம்பளைகள் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பெயர் இருந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட, கொட்டாய்க்குப் போகிற ஊராச்சே என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் தாம்பூலத்தைக் கையில் எடுப்பார்களாம். அந்தப் பெயரை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளெல்லாம் எழுத வந்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். எனக்குப் பயந்த சுபாவம். இதை எழுதுவதற்கே நாலு தடவை யோசித்தேன். ஆனால் யோசித்து முடித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அப்போது மூன்று டென்ட் சினிமாக் கொட்டாய்கள் இருந்தன. ஸ்ரீபெரும்புதூரில் இருந்ததற்கு நட்டநடுவில் ஒரு வேப்பமரம். அதை வெட்ட மனசில்லாமல் மரத்தைச் சுற்றியே கூரை போட்டுவிட்டார்கள். மரத்துக்குப் பின்னால் இடம் கிடைத்தவர்கள் பாதிப் படத்தைக் காதால்தான் பார்ப்பார்கள். சுங்குவார்சத்திரத்துக் கொட்டாய் சந்தைத் திடலை ஒட்டி இருந்தது. கதாநாயகி விசும்புகிற நேரம் பார்த்து வெளியே ஒரு மாடு கத்தும். அழுதுகொண்டிருந்த ஜனம் சிரித்துவிடும். இந்த இரண்டையும் பிற்பாடுதான் பார்த்தேன். மூன்றாவது எங்களுடையது. பிள்ளைப்பாக்கம் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே.

பனையோலைக் கூரை, இடுப்பளவு மண்சுவர், அதற்கு மேல் எல்லாப் பக்கமும் திறந்தவெளி. ஏரிக்காற்று வேகமாக அடித்தால் திரை புடைத்துக்கொள்ளும். எவ்வளவு ஒல்லியான நடிகையும் அந்த நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சியாகிவிடுவாள். படம் ஓட்ட ஒரே மெஷின். ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருளை மாட்டும்வரை விளக்கு எரியும், முறுக்குக்காரர் உள்ளே வருவார், குழந்தைகள் அழத் தொடங்கும். தரை முழுக்கக் கால்வாய் மணல். நடுவில் ஒரு குட்டைச் சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். வெளியே எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கிறவரை அது வெடித்துவிடும் என்று எனக்குப் பயம். சத்தம் நின்றுபோனால், ஏன் நின்றது என்று பயம். ஆண்கள் பக்கம் பீடி பற்ற வைத்தால் கூரையைப் பார்ப்பேன்.

திறந்த கொட்டாய் என்பதால் வெளிச்சம் இருக்கும்வரை படம் போட முடியாது. பொழுது ஏரிக்கு அந்தப் பக்கம் சாயத் தொடங்கியதும், பனைமரத்து உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஒரு முருகன் பாட்டைப் போடுவார்கள். எந்தப் படமானாலும் முதல் பாட்டு அதுதான். சுற்றியிருந்த ஊர்களில் அதைக் கேட்டுத்தான் உலை இறக்கி, முகம் கழுவிக் கிளம்புவார்கள். கழனிகளிலும் அது கேட்கும். வம்பு அங்கேதான் தொடங்கியது.

என் அம்மாவும் சின்னம்மாவும் நடவு வேலைக்குப் போவார்கள். சின்னம்மா என்பது என் சித்தப்பாவின் மனைவி. ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஊரில் பாதிக் கழனி ஒருவருக்கே சொந்தம். ஊர்ப் பெரியதனமும் அவரிடம்தான் இருந்தது. எங்கள் ஊரில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவரும் அவர் ஒருவர்தான். வரப்பில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலையில் குனிந்த பெண்கள், அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, ஆச்சு என்று சொன்னால்தான் கரை ஏறலாம். பொழுது சாய்ந்துவிட்டதே என்று யாராவது முணுமுணுத்தால், இன்னும் மணி ஆகவில்லை என்பார். பொழுதை எல்லோராலும் பார்க்க முடிந்தது. மணியை அவர் மட்டுமே பார்த்தார். கையிலிருக்கும் நாற்று எது, கீழே தெரியும் நிழல் எது என்று புரியாத இருட்டில்கூட நட்டிருக்கிறோம் என்று அம்மா சொல்வாள்.

சின்னம்மாவின் பிள்ளைக்கு அப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். சாயங்காலம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் போய் நிற்பேன். அவன் தன் கை முட்டியைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் கத்த ஆரம்பிப்பான். சின்னம்மா அவன் குரல் கேட்டு ஒரு தடவை நிமிர்வாள். கடிகாரக்காரர் தொண்டையைச் செருமுவார். அவள் மறுபடி குனிந்துகொள்வாள். எனக்கு வரப்பில் பாம்பு இருக்குமோ என்ற கவலையே பெரிதாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து கொட்டாய் வந்தபோது நவரைப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் முருகன் பாட்டு கேட்டதுமே சின்னம்மா நிமிர்ந்தாள். வாய்க்காலில் கைகாலைக் கழுவினாள். கரை ஏறிவிட்டாள். என்னம்மா, சினிமாவுக்கா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாங்கய்யா, சினிமாவுக்குத்தான் என்று இவளும் சொன்னாள். மற்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவைக் கூப்பிட்டு, உன் வீட்டுப் பொம்பளைகளால் ஊரே சினிமாப் பைத்தியமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து, குடும்பத்துப் பெண்களுக்கு அப்படியென்ன சினிமா வேண்டியிருக்கிறது என்று கூரையைப் பார்த்துக் கத்தினார். சின்னம்மா கணவனின் அண்ணனோடு நேரில் பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, அம்மாவிடம் சொல்கிற மாதிரி அப்பாவுக்குச் சொன்னாள்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க. பாட்டு போட்டா கரை ஏறணும். அவருக்கு வாட்ச்சு கீது, நமக்குப் பாட்டு கீது."

அம்மா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஒரே அறையில் இருந்த அப்பாவுக்கு அது கேட்காமல் இருக்க வழியும் இல்லை. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வீட்டை விட்டே போய்விடுவாரோ என்று விடிகிறவரை நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் பாட்டு வரவில்லை.

பொழுது பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. கொக்கெல்லாம் போய்விட்டன. பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போனான். பெண்கள் நட்டபடியே ஓரக்கண்ணால் ஏரிக்கரையைப் பார்த்தார்கள். கடிகாரக்காரர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொட்டாய் எரிந்துபோய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. எந்தப் பீடியிலிருந்து நெருப்பு வந்திருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாக ஓடினேன்.

கொட்டாய் முழுசாக இருந்தது. ரெக்கார்டு போடுகிறவர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். படம் இல்லையா என்று கேட்டேன். படம் உண்டு, பாட்டு மட்டும் இனிமேல் இருட்டிய பிறகுதான் என்றார். கொட்டாய் நிற்பது புறம்போக்கு நிலம். ஊர்ப் பெரியவர் தயவு இல்லாமல் அதில் ஒரு மூங்கிலை நட முடியாது. அவர் வந்து முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதையெல்லாம் ரெக்கார்டுக்காரர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பிள்ளை அழுததைப் பார்த்துச் சொன்னாரோ என்னவோ.

திரும்பி வருகிற வழியெல்லாம், இதைச் சொல்லலாமா கூடாதா என்று ஒரே குழப்பம். சொன்னால் அப்பாவுக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால் சின்னம்மாவுக்குச் சினிமா போய்விடும். அவளுக்குச் சினிமா என்றால் உயிர் என்று நான் நம்பியிருந்தேன். வரப்பில் குடைக்குப் பக்கத்திலேயே போய் நின்று, அவரைப் பார்க்காமல் கழனியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"சின்னம்மா, இனிமே இருட்டுனப்புறம்தான் பாட்டாம். அய்யாதான் சொல்லி வெச்சிருக்காராம்."

குனிந்திருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சின்னம்மா கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் போட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்றபடியே பாட ஆரம்பித்தாள். கொட்டாயில் போடுகிற அதே முருகன் பாட்டு. அவள் குரல் நல்ல குரல் இல்லை. இரண்டாவது அடியில் வார்த்தையும் தப்பு. பக்கத்திலிருந்த, ஆட்களிலேயே வயசான அம்மாள், சனியனே அது அப்படி இல்லடி என்று திருத்திவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டாள். பிறகு மற்றவர்கள். அவர் முன்னால் இருமக்கூடப் பயப்படுகிற என் அம்மாவின் உதடு முதலில் அசைந்தது; கொஞ்ச நேரத்தில் சத்தமும் வந்தது. பக்கத்துக் கழனியில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கேயும் பாட்டு கிளம்பியது. அதற்கடுத்த கழனியிலும். ஸ்பீக்கர் இல்லாமலே அந்தப் பாட்டு ஏரிக்கரைவரை போயிற்று.

நிறுத்தச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்குப் போகிறவர், நெற்றி நிறைய விபூதி. முருகன் பாட்டை நிறுத்து என்று எப்படிச் சொல்வார்? சுவாமி பேர் வருகிற இடத்தில் பழக்கத்தில் அவர் கை கன்னத்துக்குப் போனதை நான் பார்த்தேன். குடை சாய்ந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் சின்னம்மா கரை ஏறி, கும்பிடு போட்டாள்.

"பாட்டு ஆயிடுச்சுங்க அய்யா. நாங்க கெளம்பறோம்."

நாளையிலிருந்து எவளும் என் கழனியில் கால் வைக்கக் கூடாது என்றார் அவர். பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. சின்னம்மா அவற்றை ஒரு பார்வை பார்த்தாள்.

"வேற ஆள் வர்ற வரைக்கும் நாத்து காத்துக்கினு இருக்குமாங்க அய்யா?"

அதற்குப் பிறகு என்னிடமிருந்து பிள்ளையை வாங்கி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

வேலை நின்றது. அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. எல்லாம் நான் கத்தியதால் வந்தது என்று நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரகடம் பக்கத்திலிருந்து வேறு ஆட்களை வண்டி வைத்துக் கூட்டிவந்தார். சாயங்காலம் எங்கள் பெண்கள் தெருக்கோடியில் போய் நின்றார்கள். சண்டை போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். பாடினார்கள், அவ்வளவுதான். கழனியில் குனிந்திருந்த அசலூர்ப் பெண்கள் கேட்டார்கள். அவர்கள் ஊரிலும் இருட்டுகிறவரை நடுகிறவர்கள்தானே? ஒருத்தி நிமிர்ந்தாள். அப்புறம் யாரும் குனியவில்லை. மறுநாள் அந்த வண்டி வரவில்லை.

கொட்டாய்க்காரருக்கும் கஷ்டம். பெண்கள் பக்கம் காலியாகக் கிடந்தது. பெண்கள் வராததால் பிள்ளைகளும் வரவில்லை, முறுக்கு போணியாகவில்லை. அவரே போய்ப் பெரியவரிடம் அழுதாராம். எது எப்படியோ, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்து, உங்களையெல்லாம் வரச் சொன்னார் என்றார். யார் ஜெயித்தது என்று எவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பொழுது பனைமரத்தைத் தொட்டபோது ஸ்பீக்கர் கரகரத்தது. பெண்கள் கரை ஏறினார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆச்சு ஆச்சு, கிளம்புங்க என்றார், தானே முடிவு செய்தது போல.

நடவாட்கள் அத்தனை பேரும் அன்றைக்குச் சினிமாவுக்குப் போனோம். போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று சின்னம்மா சொன்னாள். எல்லோருக்கும் முன்னால், திரைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தோம். சின்னம்மா மணலில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். விளக்கு அணைந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு சண்டைக்கும் பிறகு கிடைத்த படம்!

பேர் போடும்போதே திரும்பிப் பார்த்தேன். சின்னம்மாவின் கண் மூடியிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கி, படம் போட்டாச்சு என்றேன். "பாத்துக்கினுதாண்டி கீறேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

முதல் சுருள் முடிந்து விளக்கு எரிந்ததும்தான் முழுசாகத் தெரிந்தது. அம்மா தூங்குகிறாள். சின்னம்மாவைத் திருத்திப் பாடிய அம்மாள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். சேறு காய்ந்து வெடித்த பாதங்களை நீட்டி, குளிர்ந்த மணலில் முதுகை முழுசாகக் கிடத்தி, ஒருத்தி பாக்கியில்லாமல் வரிசையாகத் தூங்குகிறார்கள். முறுக்குக்காரர் கூவாமல், யார் காலையும் மிதித்துவிடாமல் அடி எடுத்து வைத்துப் போனார். பிள்ளை மட்டும் முழித்துக்கொண்டு விளக்கைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா இத்தனை பட்டினி கிடந்தோம்? சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவரின் ஆட்கள் யாராவது இருந்தால்? எட்டிப் பார்த்துவிட்டு, சினிமா சினிமா என்று குதித்தவர்கள் குறட்டை விடுகிறார்கள் என்று போய்ச் சொன்னால்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம், எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நான்தான் முதலில் தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன். விளக்கு அணைந்த பிறகும் உட்காரவில்லை. நாளைக்கு யாராவது கதை கேட்டால் இவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, ஒரு காட்சிகூட விடாமல் எல்லோருக்குமாகச் சேர்த்து நானே பார்த்தேன்.

படம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பாவம், அடுத்த தடவையாவது தூக்கம் வராத படமாகப் போட வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொண்டேன்.