உளுந்துத் தூசி காட்டிய திசை

இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிறு காலை ஒன்பது மணி. கீரனூர் தாண்டி ஒரு பாறைக்குன்றின் உச்சியில், தோளில் ஹேங் கிளைடரோடு நின்றுகொண்டிருந்தேன். அலுமினியக் குழாய்களில் துணி இறக்கை கட்டிய, என்ஜின் இல்லாத சமாசாரம். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா? தேவைதான். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் நான்.

என் பெல்ட்டை இறக்கையோடு இணைக்கும் கொக்கியை இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்தேன்.

“அண்ணே, இது நாலாவது வாட்டி. கொக்கி கையோட வந்துரப்போகுது” என்றார் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த நண்பர் முருகேசன்.

சொல்லட்டும். கொக்கியை மறந்து ஓடினால் இறக்கை மட்டும் பறக்கும்... நான் பறக்க மாட்டேன்.

கிழக்கிலிருந்து காற்று சீராக முகத்தில் அடித்தது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்துத்தான் போக வேண்டும் — வித்தையே அதுதான். எட்டு அடி ஓடினேன். ஒன்பதாவது அடிக்குப் பாறை இல்லை.

பதினைந்து நிமிடம் சுகமான பறத்தல். பிறகு அடிவாரத்து வயலை நோக்கி இறங்கினேன். காற்றின் திசை தெரிய அங்கே ஒரு மூங்கில் கழியில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தேன். பார்த்தால், ரிப்பன் கழியைச் சுற்றி இறுகிக் கிடக்கிறது!

காற்று திரும்பிவிட்டதோ? அது தெரியாமல் கிழக்கு பார்த்தே இறங்கினால் காற்று முதுகில் தள்ளும், வேகம் அடங்காது, மூக்குக் குத்தி விழ வேண்டியதுதான். கையோ, கழுத்தோ...

அப்போதுதான் வயல்காரர் ராஜாத்தி கண்ணில் பட்டார். ஓரத்துக் களத்தில் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி உளுந்து தூற்றிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல ரிப்பன் உண்டா? தூசி எந்தப் பக்கம் போகிறது என்று நான் கூர்ந்து பார்ப்பதற்குள், என்னைப் பார்த்துவிட்டு முறத்தை இறக்கிவிட்டார்.

“அக்கா, தூத்துங்க!” என்று கத்தினேன்.

“வேணாம் சார், ஒங்க கண்ணுல விழுகும். நீங்க எறங்குங்க!”

“விழட்டும்க்கா! நிறுத்தாதீங்க!”

“இந்தாளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு” என்றபடியே ஒரு முறம் கொட்டினார்.

தூசி கிழக்கே பறந்தது. ஆக, காற்று மேற்கிலிருந்து! அரைவட்டம் அடித்து மேற்குப் பக்கம் திரும்பினேன். தரைக்கு ஓராள் உயரத்தில் கைப்பிடிக் கம்பியை முன்னால் தள்ளினேன். இறக்கை நிமிர்ந்தது, வேகம் செத்தது. நாலு எட்டு வைத்து நின்றுவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் ராஜாத்தி இடுப்பில் கை வைத்தார். “காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு கேக்கவா இம்புட்டு ரகளை? கெளம்பும்போது ஒரு போன் போட்டா சொல்ல மாட்டனா?”

அவர் வயலில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன், நன்றியும் சொல்லியிருக்கிறேன். எனக்கு என்ன தேவை என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு நல்லது என்று நினைத்துத்தானே அவர் வேலையை நிறுத்தினார்? உதவ நிற்பவருக்கு விவரம் சொல்லாதது யார் தவறு?

நம்பர் வாங்கிக்கொண்டேன். போன ஞாயிறு, உச்சியிலிருந்து அழைத்தேன்.

“இங்கிட்டும் அடிக்குது, அங்கிட்டும் அடிக்குது சார். நானே தூத்தாம மூடி வச்சுட்டேன். நீங்களும் மடிச்சு வைங்க.”

மடித்து வைத்தேன். அன்றைய டைரியில் ஒரே வரி: பத்திரமாக இறங்கினேன் — நடந்து.