ஒச்சம்மாளுக்கு வர வேண்டிய ஊசி

எங்கள் கல்லூரியைப் பதினோரு வருசமாகக் கூட்டுகிறவள் ஒச்சம்மாள். சிலமலையிலிருந்து முதல் பஸ்சில் வந்துவிடுவாள். கெமிஸ்ட்ரி லேபில் பிள்ளைகள் கொட்டி வைக்கிற கண்ட கருமத்தையும் முகம் சுளிக்காமல் துடைப்பாள். ஆனால் காண்ட்ராக்ட் ஆள் என்பதால் வருகைப் பதிவேட்டில் அவள் பேர் கிடையாது. அந்தப் பதிவேட்டைக் கட்டிக் காக்கிற பெரிய மனுசன் நான்தான், ஆபீஸ் கிளார்க் பால்ராஜ்.

கொரோனாவில் கல்லூரியை மூடியதும் அவளுக்குச் சம்பளம் நின்றுபோனது. போடிமெட்டு தாண்டி கேரளத்து மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். அதிலும் மண் விழுந்தது. ஊசி போட்ட சான்றிதழ் இல்லாதவர்களைச் செக்போஸ்டில் இறக்கிவிட ஆரம்பித்தார்கள். ஜீப்புக்காரர் அவளை ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார்.

ஊரில் ஊசிக்கு அடிதடி. அந்த நேரம் பார்த்து, கல்லூரி ஊழியர்களுக்கு முன்னுரிமை என்று எங்கள் வளாகத்திலேயே முகாம் வந்தது. ஐம்பது பேர்தான். காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்கச் சொல்லி, பட்டியலைக் கல்லூரி முதல்வர் என்னிடம் விட்டார். சேதி கேட்டு ஒச்சம்மாள் ஆபீசுக்கு வந்தாள்.

"சார், எம்பேரையும் போட்டுருங்க. காய் எடுப்பு முடியறதுக்குள்ள மலைக்குப் போகணும்."

"போட்டாச்சுத்தா, போ" என்றேன்.

போட்டுத்தான் இருந்தேன். மறுநாள் என் மச்சினன் முத்துக்கண்ணன் தனக்கும் ஊசி வேண்டும் என்று வந்து நின்றான். ஏலக்காய்க் கடை வைத்திருப்பவன். அவனுக்கு முடியாது என்று சொன்னால் என் பெண்டாட்டி வீட்டில் அடுப்பு மூட்டமாட்டாள். ஒச்சம்மாள் பேரை அடித்துவிட்டு அவன் பேரை எழுதினேன். காண்ட்ராக்ட் ஆள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முகாமன்று, "துப்புரவுப் பணி, முத்துக்கண்ணன்" என்று நர்ஸ் கூப்பிட்டார். வெள்ளை வேட்டியும் மோதிரமுமாக அவன் எழுந்து போனான். ஊசிக்கு வந்த இடத்திலும் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த அண்ணே எந்தக் கட்டடம் கூட்டுறாக சார்?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். "அடுத்த முகாம்ல பாப்போம்" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எல்லாம் முடிந்தபின் நர்ஸ் வந்தார். "ஒருத்தர் வரல சார். திறந்த பாட்டில்ல ஒரு ஊசி மிச்சம் இருக்கு, வீணாப் போயிரும். வேற யாராச்சும் இருந்தா வெரசா வரச் சொல்லுங்க."

ஒச்சம்மாள் வராந்தாவில்தான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் ஓடி வந்திருப்பாள். அவள் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"யாரும் இல்ல சிஸ்டர்" என்றேன்.