சாந்தம்மாளைத் தூக்கியவள்

வெண்ணிலா பிறந்தது கணியம்பாடிப் பக்கம். போலீஸ் வேலை கிடைத்த பிறகு, ஜமுனாமரத்தூரில் ஜீப் ஓட்டும் கோகுல்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டு ஜவ்வாது மலைக்கு வந்தாள். வீடு ஊருக்குள் இல்லை. மண்பாதையில் இறங்கி ஏறிப் போக வேண்டும். மழைக்காலத்தில் கோகுல்ராஜின் ஜீப்பே பாதி வழியில் நின்றுவிடும், மீதியை நடக்க வேண்டியதுதான்.

சில வருடங்களாக அவளுக்குச் சென்னையில் வேலை. சட்டப்பேரவையில் அவைக் காவலர். கூட்டத்தொடர் நடக்கும்போது அங்கே தங்குவாள், முடிந்ததும் மலை ஏறிவிடுவாள். பள்ளிக்கூடம் போகும் மகளைக் கோகுல்ராஜ் பார்த்துக்கொள்வான். அவளுக்குப் பெரும்பாலும் மேலே பார்வையாளர் மாடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். கால் மேல் கால் போடுகிறவர்களிடம் இறக்கச் சொல்வது, தூங்கி விழுகிறவர்களைத் தட்டி எழுப்புவது. கீழே என்ன சத்தம் நடந்தாலும் அது அவள் பாடு இல்லை. அந்த நிம்மதி அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு கூட்டத்தொடரில் அது போயிற்று. அவைக்குள் நிற்கும் பெண் காவலர்களில் சிவசங்கரி பிரசவ விடுப்பில் போனாள். இன்னொருத்தி சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். பொறுப்பு அதிகாரி இளவரசன் வெண்ணிலாவைக் கூப்பிட்டு, இனிமேல் நீ கீழே என்றார். பெண் உறுப்பினர் யாரையாவது வெளியேற்றச் சொன்னால் பெண் காவலர்தான் கை வைக்கலாம். அதற்கு ஆள் வேண்டும்.

முதலில் அவள் பெரிதாக நினைக்கவில்லை. மலைச் சாலைகள் பற்றிய விவாதம் வியாழக்கிழமை என்று இருந்தது. அன்றைக்கு அவள் ஏற்கெனவே விடுப்புக் கேட்டிருந்தாள். ஆனால் அவை நிகழ்ச்சிகளை மாற்றி அமைத்தார்கள், வியாழக்கிழமை விவாதம் திங்களுக்கு வந்துவிட்டது. அதைக் கேட்டபோதுதான் அவளுக்குக் கவலை வந்தது. அவர்கள் தொகுதி எம்எல்ஏ சாந்தம்மாள் எதிர்க்கட்சி. சரியான பதில் வராவிட்டால் அவையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று ஜமுனாமரத்தூர் சந்தையில் மைக் பிடித்துச் சொல்லியிருந்தார். அவர் கேட்கப்போகும் சாலைகளில் வெண்ணிலா வீட்டுக்குப் போகும் பாதையும் ஒன்று.

அன்றைக்கு மட்டும் தன்னை மாடத்துக்கு மாற்றும்படி இளவரசனிடம் கேட்டாள். காரணத்தையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. ஊர்க்காரர் என்று பார்த்தால் யாரும் உள்ளே நிற்க முடியாது, இருப்பதே ரெண்டு பேர், நான் யாரை விடுவேன் என்றார்.

திங்களன்று சாந்தம்மாள் நன்றாகத்தான் பேசினார். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்ததைச் சொன்னார். பதில் வந்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று. அவர் நடந்து வந்து பேரவைத் தலைவரின் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் பல முறை சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியேற்றும்படி உத்தரவு வந்தது.

வெண்ணிலாவும் இன்னொரு பெண் காவலரும் போனார்கள். வெண்ணிலாவுக்குக் காது அடைத்திருந்தது. குனிந்தபோது சாந்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீ கோகுல்ராஜ் வூட்டுக்காரி தானே?”

“ஆமாங்க. எந்திரிங்கம்மா.”

“எந்திரிக்க மாட்டேன். தூக்கு.”

தூக்கினார்கள். எத்தனை பேர் கத்தினார்கள், யார் யார் குறுக்கே வந்தார்கள் என்று பிறகு யோசித்தால் அவளுக்கு எதுவும் நினைவில்லை. கைக்குள் கண்ணாடி வளையல் நொறுங்கியது மட்டும் தெரிந்தது. கதவைத் தாண்டி இறக்கிவிட்டபோது சாந்தம்மாளின் மணிக்கட்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் மலை முழுவதும் பார்த்துவிட்டது. டிவியில் வந்ததை யாரோ வெட்டி, வெண்ணிலாவின் முகமும் அவள் பிடித்திருந்த கையும் மட்டும் தெரிகிற மாதிரி ஃபோனில் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கோகுல்ராஜின் ஜீப்பில் யாரும் ஏறவில்லை. புதூர்நாட்டுக்குப் போக நின்றிருந்தவர்கள் பின்னால் வந்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் முன் டயர் இரண்டும் கிழிந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் பெண்ணிடம், உங்கம்மாவா அது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அதைக் கோகுல்ராஜ்தான் ஃபோனில் சொன்னான்.

கூட்டத்தொடர் முடிந்து போளூரில் பஸ் ஏறினாள். துப்பட்டாவைத் தலையில் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின் சீட்டில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். பலாப்பழ விலையைப் பேசுகிறார்கள் என்று தெரிந்த பிறகும் உடம்பு தளரவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் மெதுவாகும்போது, யாரோ நிறுத்தப்போகிறார்கள் என்று தோன்றியது.

கோகுல்ராஜ் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. டயர் மாற்றிய ஜீப்போடு ஊருக்கு முன்பே ஒரு வளைவில் நின்று, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி அவளை இறக்கிக்கொண்டான். நிலையத்தில் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள் என்றான். சந்தை நாளில் எம்எல்ஏ வருகிறார், அதுவரை வெளியே தலை காட்டாதே என்றும் சொன்னான்.

அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். நாய் குரைத்தால் எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பாள். ஒரு மத்தியானம் இரண்டு பைக்குகள் வாசலுக்கு எதிரே வந்து நின்றன. இன்ஜினை அணைக்கவில்லை, யாரும் இறங்கவும் இல்லை. பெண்ணை இழுத்துக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். வண்டிகள் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். போலீஸ்காரி இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சந்தை நாளன்று அதே பைக்குகள் வந்தன. இந்தத் தடவை ஒருவன் இறங்கினான். சாந்தம்மாள் கட்சியின் கிளைச் செயலாளர் அருள்.

“அம்மா உங்கள இட்டுனு வரச் சொன்னாங்க,” என்றான்.

கோகுல்ராஜ் குறுக்கே வந்து நின்றான். எதற்கு என்று கேட்டான். தனக்குத் தெரியாது என்றான் அருள். வெண்ணிலா யோசித்தாள். போகாமல் இருந்தால் இன்னொரு நாள் வருவார்கள், அதுவரை இதே மாதிரி மூட்டைக்குப் பின்னால் கிடக்க வேண்டும். பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புருஷனோடு ஜீப்பில் ஏறினாள். பைக்குகளில் ஒன்று முன்னால் போனது, ஒன்று பின்னால் வந்தது.

சந்தையில் கூட்டம் விலகி வழி விட்டது. புளி விற்கிறவர்களும் சாமை விற்கிறவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். டீக்கடை பெஞ்சில் சாந்தம்மாள் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் காயம் கறுத்துப் போயிருந்தது. சுற்றிலும் ஃபோன்கள் உயர்ந்தன. சோறு போட்ட ஊருக்கே துரோகம் பண்ணினவள் என்று யாரோ சொன்னார்கள். வெண்ணிலா கோகுல்ராஜின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

“ஃபோன உள்ள வைங்கப்பா,” என்றார் சாந்தம்மாள். அவர்கள் வைக்கும் வரைக்கும் காத்திருந்தார். “தூக்குன்னு சொன்னது நான். அது டிவியில கேக்கல. தூக்கலன்னா இவ வேல போயிருக்கும். அப்புறம் இவ வூட்டுக்கு யாரு சோறு போடுவீங்க, நீங்களா?”

டயரைக் கிழித்தது யார் என்று அவர் கேட்டார். அருள் தரையைப் பார்த்தான். சாந்தம்மாள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, புதூர்நாட்டில் ஒரு சாவுக்குப் போக வேண்டும், கோகுல்ராஜ் வண்டியிலேயே போகிறேன் என்று எழுந்தார்.

ஜீப் பக்கத்தில் வந்தபோது வெண்ணிலா மெதுவாகச் சொன்னாள்.

“வளையல் ஒடஞ்சது என் கையாலதாங்க.”

“தெரியும். பயத்துல கெட்டியா புடிச்சிட்ட. அடுத்த கூட்டத்துலயும் நான் ஒக்காருவேன். அப்ப பயப்படாம புடி.”

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. வெண்ணிலாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அதன் பிறகு ஜீப்பில் ஆட்கள் ஏறினார்கள். எல்லோரும் இல்லை. டீக்கடைக்காரர் பாண்டுரங்கன் இன்றுவரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண் மட்டும், யாராவது கேட்டால் எங்கம்மாதான் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அடுத்த கூட்டத்தொடருக்குப் புதிதாக ஒரு பெண் காவலர் வந்திருந்தாள். வேண்டுமானால் நீ மாடத்துக்குப் போ என்றார் இளவரசன். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் மாதக்கணக்கில் ஏங்கியிருந்தாள். ஆனால் புதியவள் சின்னப் பெண், பயந்து போய் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் கீழேயே நிற்கிறேன் சார் என்று வெண்ணிலா சொன்னாள். சொன்ன உடனே, ஏன் சொன்னோம் என்றும் இருந்தது.

மலைச் சாலை விவாதம் வந்த நாளில் அவள் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. சாந்தம்மாள் எழுந்தார், பேசினார். அளவெடுப்பு தொடங்கும் என்று பதில் வந்தது. எப்போது என்று கேட்டார், அதற்குச் சரியான பதில் இல்லை. அவர் தன் இடத்தை விட்டு நடுவே வந்தார். பேரவைத் தலைவரின் மேசைக்கு முன்னால் நின்று தரையைப் பார்த்தார். வெண்ணிலா ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

சாந்தம்மாள் உட்காரவில்லை. வெளிநடப்புச் செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த காகிதங்களை மடக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். வெண்ணிலாவைக் கடக்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வெளியே போய்க் கதவு மூடிய பிறகுதான் வெண்ணிலா முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அவை கலையும் வரை அப்படியே நின்றாள்.