ஒரே தடவை கேட்கிறவர்கள்

ஜெர்மனியில் என் ஆய்வகத்தில் யார் காப்பி போட்டாலும், "உனக்கும் வேண்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போய்விடுவார். ஒரே ஒரு தடவைதான் கேள்வி. இது புரியாமல் முதல் குளிர்காலம் முழுக்க நான் காப்பி இல்லாமலே கிடந்தேன், அடப்பாவிகளா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு. கேரள எல்லையில், குன்னத்துகாலில் எங்கள் மாமி வீட்டில் கதையே வேறு. "சாயா போடட்டா மக்கா?" என்பாள். "வேண்டாம் மாமி, இப்பதான் குடிச்சிட்டு வாறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் ஏறியிருக்கும். கேட்டவுடன் சரி என்று உட்கார்ந்தால் கொதிச்சி, தீனிக்கு அலைகிறவள் என்று பேர் விழுந்துவிடும். அதனால் முதலில் வேண்டாம் என்பது எங்களுக்குப் பாலோடு வந்த பழக்கம்.

காப்பி போனால் போகட்டும். என் ஆராய்ச்சியும் அப்படித்தான் போனது. பாட்டரிகளை மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றி இறக்கி, எப்போது சோர்ந்துபோகின்றன என்று அளப்பது என் வேலை. அவசரப்படுத்தவே முடியாது. பாதி அளவுகள் பாக்கி இருக்கும்போது என் ஒப்பந்தம் முடியப்போனது. என் வழிகாட்டியான பேராசிரியை ஆன்யா என்னைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வருடத்துக்குச் சம்பளத்தோடு ஓர் இடம் இருக்கிறது. உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும் என்று உயிர் துடித்தது. வாயில் வந்ததோ, "வேறு யாருக்காவது தேவையென்றால் பரவாயில்லை." பெருந்தன்மைக்கு நன்றி சொல்லி, அதை இன்னொரு மாணவிக்குக் கொடுத்துவிட்டார். மறுபடி கேட்பார் என்று வாரம் முழுக்க அவர் அறைப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன், முட்டாள்.

பிஎச்.டி.க்கு எந்த நாடு, எந்தத் துறை என்று நம்மூர்ப் பிள்ளைகள் எனக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள். வேண்டும் என்று சொல்லப் பழகிவிட்டுக் கிளம்புங்கள் என்று எழுதுவேன். நானும் பழகிக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். மிச்ச அளவுகளை இங்கே ஏதாவது ஆய்வகத்தில் எடுத்துவிட்டால் ஆய்வேட்டை முடித்துவிடலாம். அமரவிளை சர்ச்சில் ஆராதனை முடிந்து, பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு, என்னிடம், "எந்து சகாயம் வேணமெங்கிலும் பறயணம், கேட்டோ" என்றார், என்ன உதவி வேண்டுமானாலும் தன்னிடம் சொல்லும்படி.

"வேணும் சார். ஒரு மேசையும் சார்ஜ் பண்ணுற மெஷினும். திங்கக்கிழமையே வரட்டுமா?"

அவர் முகம் சுருங்கியது. "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம், முடியாது என்று பொருள். பஸ்ஸில் அம்மா பொரிந்து தள்ளினாள். "இப்பிடியா மக்கா கேக்கது? அவரு மரியாதைக்கு சொன்னதாக்கும். ரெண்டு மட்டம் வேண்டாம்னு சொல்லியிருந்தா அவரே விளிச்சு தந்திருப்பாரு." அவள் சொன்னது சரிதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜெர்மன் விசா முடியப்போகிறது. திரும்பிப் போனால் சம்பளமில்லாமல் சில மாதம் ஆய்வகத்தில் ஒண்டிக்கொள்ளலாம். போகாவிட்டால் இத்தனை வருடமும் வீண். நேற்று அம்மா மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே, "போணும்னா போ மக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அப்பாடா, சரி சொல்லிவிட்டாள் என்று ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நறுக்கிய துண்டையே திரும்பத் திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் என் அம்மா சொன்னது அந்த முதல் 'வேண்டாம்' என்று எனக்குப் புரிந்தது.