பத்மாசனி கடித்த கெண்டை

பத்மாசனிக்குச் சோப்பு ஆகாது. போட்டால் தோல் எரியும், கொப்பளிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் குடியேற வந்தபோது பெட்டி நிறைய அரப்புக் கொண்டுவந்தாள். இலுப்பை விதையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்குதான் அரப்பு. தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, சேர்த்து அவித்துத் தேய்த்தால் பச்சைக் குழந்தையின் தலைக்கும் நோகாது. அயல்வளவில் இருந்த எனக்கும் அவள்தான் அதைப் பழக்கினாள். வாய் மட்டும் பொல்லாதது.

அவளும் புருஷன் அப்புத்துரையும் முழுச் சைவம். எங்கள் வீட்டில் மீன் பொரித்தால் அப்புத்துரை மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுவார். எனக்குச் சிரிப்பு வரும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கடுங்கோடை. குளம் வற்றி நடுவில் ஒரு மடு மட்டும் கிடந்தது. ஊர் முழுவதும் ஒரே நாளில் இறங்கி மீன் பிடிப்பது வழக்கம்; அதுவரை யாரும் கைவைக்கக் கூடாது. அந்த நேரம்தான் பத்மாசனியின் மகள் அருந்ததி பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்திய நீராட்டு. கிடாரத்தில் அவித்த அரப்பில் பாதி மிஞ்சிவிட்டது. கிணற்றடியிலேயே வளர்ந்தவளுக்குக் குளத்து விஷயம் என்ன தெரியும்? மிச்சத்தை மடுவில் கொட்டி, மாடு மேய்த்த பொடியன்கள் பார்க்கக் கிடாரத்தையும் அங்கேயே கழுவிவிட்டு வந்தாள். அரப்பு மனிதத் தோலுக்குத்தான் சாது. மீனின் செவுளில் பட்டால் மூச்சை நிறுத்திவிடும்.

மத்தியானம் மடுவில் அத்தனை மீனும் வயிறு மேலாக மிதந்தது.

குளத்துக்குக் காவலாக இருந்த சிற்றம்பலம் முன்னால் வர, ஊர் ஆண்கள் பொல்லும் கோடரியுமாக அவர்கள் வளவுக்குள் புகுந்தார்கள். "வந்தான் வரத்தானெல்லாம் எங்கடை குளத்துக்கு நஞ்சு போடுறான்" என்றான் அவன். அப்புத்துரை வாய் திறக்குமுன் பொல்லு மண்டையில் இறங்கியது. விழுந்தவரைச் சுற்றி நின்று உதைத்தார்கள். ஒருவன் வேலிக் கதியாலைப் பிடுங்கி முழங்காலில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தடுக்கப்போன என் புருஷனுக்கு முன்பல் போனது.

"அது நஞ்சில்லை, அரப்பு" என்று பத்மாசனி குறுக்கே விழுந்தாள்.

"அரப்புக்கு மீன் சாகுமோடி? எங்கடை பிள்ளையள் அந்தத் தண்ணியைக் குடிச்சதுகள்." சிற்றம்பலம் அப்புத்துரைக்கு மேல் கோடரியை ஓங்கினான்.

அவர்கள் சாட்சிக்கு மீன் அள்ளிவந்த ஓலைக் கடகத்திலிருந்து பத்மாசனி ஒரு கெண்டையை எடுத்தாள். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவள், பச்சையாகக் கடித்தாள். செதிலும் இரத்தமும் கடைவாயில் வழிந்தன. குமட்டக் குமட்ட விழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"பாத்துக்கொண்டு நில்லுங்கோ. நான் செத்தா அவரை வெட்டுங்கோ."

நிழல் சாயும்வரை நின்று பார்த்தார்கள். அவள் சாகவில்லை. கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். வெட்கம் கெட்டவர்கள், மீன் கடகத்தையும் கறிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்புத்துரை ஆஸ்பத்திரியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்த அன்று நானும் அவர்கள் குசினி வாசலில் நின்றேன். பத்மாசனி சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"மீன் திண்ட கையாலை எனக்குச் சோறு வேண்டாம். தனிச் சட்டி வை."

அவருடைய மற்றக் காலையும் முறிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பத்மாசனி சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் அடித்தாள். அது சுக்குநூறாய்ப் போனது.

"உங்கடை உயிரும் இந்தக் கையாலை வந்ததுதான். அதையும் வேண்டாமெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அப்புத்துரை சாகும்வரை அந்த நொண்டிக் காலோடு தானே சமைத்துத் தின்றார். அவள் ஒரு நாளும் அவருக்கு அடுப்பு மூட்டிக்கொடுக்கவில்லை.