சூடாக இருந்த கை

தொண்ணூறுகளின் நடுவில் அது நடந்தது. என் தங்கையின் வீட்டுக்காரர் சோமனூரில் தறி போட்டிருந்தார். நூல் வாங்கக் கோயமுத்தூருக்கு மொபெட்டில் வந்தவர்மேல் லாரி மோதிவிட்டது. தலையில் அடி. மறுநாளே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூளை செத்துவிட்டது, மெஷின்தான் மூச்சு விடவைக்கிறது, அதை எடுக்கச் சம்மதம் வேண்டும், நீங்கள் படித்தவர், தங்கைக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். உணர்ச்சியை அறிவு அடக்கி ஆள வேண்டும் என்று பழங்காலத்தார் சொன்னதில் தொடங்கி, கம்ப்யூட்டருக்கு நியாயம் அநியாயம் தெரியுமா என்ற புதுக் கேள்வி வரைக்கும் பாடம் போகும். உணர்ச்சியே இல்லாத ஒன்று நம்மைவிட நியாயமாகத் தீர்ப்புச் சொல்லலாம் என்று அந்த வருஷம்கூட வகுப்பில் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் விடாமல் மறுத்துப் பேசினார்கள்.

வராந்தா பெஞ்சில் தங்கையை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன். மூளை நின்றுபோனால் ஆள் இல்லை என்றுதான் அர்த்தம், இதயம் மெஷினால்தான் துடிக்கிறது என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய், அவர் கையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சூடா இருக்குதுங்க்கா," என்றாள்.

சூடாகத்தான் இருந்தது. கன்னத்தில் புதுசாக முடி முளைத்திருந்தது.

சாயங்காலம் அவருடைய அம்மா வந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எடுத்தா அவனுக்கு வலிக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார். வலிக்காது என்றார் டாக்டர். மகனின் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு, எடுத்துவிடச் சொன்னார். தங்கை தலையாட்டினாள். மூச்சு அடங்கும் வரைக்கும் புருஷன் கையை அவள் விடவில்லை.

காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னது சரிதானுங்க்கா. ஆனா அதை டாக்டரே சொல்லியிருக்கட்டும். நீங்க எங்கூட உக்காந்து அழுதிருக்கோணும்."

அதற்கப்புறமும் பொங்கல், தீபாவளி என்று நோம்பிக்கு நோம்பி என் வீட்டுக்கு வருவாள், பிள்ளைகளுக்குப் பலகாரம் கொண்டுவருவாள். அவரைப் பற்றி மட்டும் என்னிடம் பேசியதே இல்லை.